காப்பிச் செடியும் கண்டிச் சீமையும்

காப்பியைப் பற்றி எழுதாத தமிழ்ப் பதிவர் யாராவது இருக்கிறார்களா? டிகாக்‌ஷன் எப்படி இறங்கணும், சிக்கரி சேர்ப்பது பாவமா புண்ணியமா, டபராவில் எத்தனை தடவை ஆற்றணும் என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளியாகிவிட்டது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்த வியாதி இன்னும் கொஞ்சம் அதிகம். இங்கே ஹைதராபாத்தில் தெருமுனைக்குத் தெருமுனை இரானி சாயா. நல்ல காப்பிக்கு பத்மராவ் நகர் பக்கம் போகணும், இல்லாவிட்டால் வீட்டுக்கு வரணும். அதனால் புலம்பலும் ஜாஸ்தி.

இன்றைக்கு நான் எழுதப் போவது குடிக்கிற காப்பியைப் பற்றி இல்லை, செடியைப் பற்றி. நான் படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை. தாவரவியலுக்கும் எனக்கும் காத தூரம். ஆனால் காப்பிச் செடியின் கதையைப் படிக்கப் போனால், அதில் பாதி கடன் கணக்காக இருக்கிறது. மீதிப் பாதி நம்ம ஜனங்கள் நடந்த நடை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செடியின் பூர்வீகம். அராபிகா என்று பெயர் இருப்பதால் அரபு நாட்டுச் செடி என்று நினைத்துவிடக் கூடாது. 1753-ல் லின்னேயஸ் அந்தப் பெயரை வைத்தபோது ஐரோப்பாவுக்குக் காப்பி ஏமன் வழியாக அறிமுகமாகியிருந்தது, அதனால் அப்படி வைத்துவிட்டார். உண்மையில் அது எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளில், பெரிய மரங்களின் நிழலில், தானாக முளைத்து வளர்கிற ஆப்பிரிக்கப் புதர்ச் செடி. அதன் அண்ணன் முறையான ரோபஸ்டாவும் ஆப்பிரிக்காதான், மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் தாழ்ந்த காடுகள். லின்னேயஸுக்கு நாற்பது வருஷம் முன்னால், 1713-ல், ஜுஸ்ஸியூ என்ற பிரெஞ்சுக்காரர் இந்தச் செடியை அரேபிய மல்லிகை என்றே எழுதிவைத்தார். பூவைப் பார்த்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். வெள்ளை வெளேரென்று, இலைக் காம்பின் அடியில் கொத்துக் கொத்தாக, வாசனையும் ஏறக்குறைய மல்லிகைதான். ஆயுசுதான் குறைவு, இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். குடும்பம் மட்டும் மல்லிகைக் குடும்பம் இல்லை. நம்ம வீட்டு வாசலில் இருக்குமே வெட்சி, குழந்தைகள் தேன் உறிஞ்சும் இட்லிப் பூ, அதோட குடும்பம். மஞ்சணத்தியும் அதே குடும்பம்தான்.

இந்தியாவுக்கு வந்த கதை எல்லாருக்கும் தெரிந்தது. 1670 வாக்கில் பாபா பூதன் என்ற சூஃபிப் பெரியவர் ஹஜ் போய்த் திரும்பும்போது ஏமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு விதைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் பக்கத்து மலையில் நட்டார் என்பார்கள். ஏழா, எழுபதா என்று யாரும் வவுச்சர் வைத்திருக்கவில்லை. ஆனால் அந்த மலைக்கு இன்றும் அவர் பெயர்தான். பலரும் கவனிக்காத விஷயம் வேறொன்று. டச்சுக்காரர்கள் ஜாவாவுக்குக் காப்பியைக் கொண்டுபோனது மலபார் கரையிலிருந்துதான். 1696-ல் கொண்டுபோனது அங்கே அழிந்துபோக, 1699-ல் மறுபடி கொண்டுபோனது பிழைத்தது. ஜாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு, அங்கிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு என்று அதன் பிள்ளைகள் போயின. ஆக பிரேசில் காப்பிக்கும் நம்ம மேற்குக் கரைக்கும் ஒரு பழைய உறவு உண்டு.

சரி, இந்தச் செடியை எப்படி வளர்ப்பது? இதைச் சொல்லாமல் மற்ற கதை புரியாது.

விதை அதிக நாள் தாங்காது. பறித்துக் காயவைத்த சில மாதங்களில் முளைப்புத் திறன் போய்விடும். டிசம்பர், ஜனவரியில் நாற்றங்காலில் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி விதைத்தால், ஒன்றரை மாதத்தில் விதையையே தொப்பி மாதிரி தலையில் சுமந்துகொண்டு முளை நிமிரும். அப்புறம் தொப்பி கழன்று இரண்டு இலை விரியும், அதை வண்ணத்துப்பூச்சிப் பருவம் என்கிறார்கள். பிறகு பைகளில் வளர்த்து, அடுத்த மழைக்காலத்தில் குழியில் நடுவது. அராபிகாவுக்கு ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரம் பிடிக்கும். குளிரும் கூடாது, வெயிலும் கூடாது, பதினைந்திலிருந்து இருபத்தைந்து டிகிரி. ரோபஸ்டா இன்னும் கீழே, கொஞ்சம் சூடு தாங்கும். இரண்டரை அடியில் தலையைக் கிள்ளிவிட்டுப் பக்கக் கிளைகளைப் படர விடுவார்கள். சும்மா விட்டால் மரமாக உயர்ந்துவிடும், பறிக்க ஏணி வேண்டும். அறுவடை முடிந்ததும் கவாத்து. நடுவில் முளைக்கிற வீண் கொழுந்துகளை அவ்வப்போது ஒடித்துக்கொண்டே இருக்கணும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் பூ மழை. மழை ஓய்ந்த மாதங்களில் செடி மொட்டுகளைக் கட்டி வைத்துக்கொண்டு தூங்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை, ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம், பெய்ய வேண்டும். பெய்த ஒன்பதாம் பத்தாம் நாள் மலைச்சரிவு முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையாகிவிடும். மழை தவறினாலோ, அரைகுறையாகப் பெய்தாலோ அந்த வருஷ வரவு போச்சு. எங்கள் பால்கனியில் ஏற்காட்டு நர்சரியில் வாங்கிய ஒரு செடி தொட்டியில் இருக்கிறது. அதற்கும் இதே வைத்தியம்தான். குளிர்காலக் கடைசியில் சில வாரம் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் துவளும்போது ஒரு நாள் நன்றாக நனைத்துவிடுவது. ஹைதராபாத் மே மாத வெயில் இதற்கு எமன், அதனால் கிழக்கு பார்த்த பால்கனி, மத்தியான வெயில் படாத மூலை. இந்த ஊர் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அது இலையை மஞ்சளாக்கும் என்பதால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுகிறோம். நாலாவது வருஷம் பூத்தது. மொத்தம் இருபது பூ இருக்கும். "அப்பா, இதில ஒரு டம்ளர் காப்பி வருமா?" என்றாள் மகள். "வராதும்மா. ஒரு டம்ளருக்கே கிட்டத்தட்ட நூறு கொட்டை வேணும்."

அந்த நூறு கொட்டையில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பழத்தில் இரண்டு கொட்டை. ஒரே கிளையில் ஒரு பழம் சிவந்திருக்கும், பக்கத்துப் பழம் பச்சையாக இருக்கும். சிவந்ததை மட்டும் விரலால் கிள்ளி எடுக்கணும், பத்து நாள் கழித்து அதே செடிக்கு மறுபடி வரணும். சில மாதங்களுக்கு மட்டும் மலை முழுக்க ஆள் வேண்டும், அப்புறம் அவ்வளவு பேர் வேண்டாம். இந்தச் செடியை லாபத்துக்கு வளர்ப்பதென்றால் பக்கத்தில் எங்கேயாவது, வேண்டும்போது வந்து வேண்டாதபோது போகிற ஏழை ஜனம் இருந்தாகணும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஜனம் நாம்தான்.

தமிழ்நாட்டில் காப்பி 1820-களில் ஏற்காட்டில் தொடங்குகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் நட்டார். பிறகு நீலகிரி, கூடலூர், கீழ்ப்பழனி மலை எல்லாம் வந்தன. அது தனிக் கதை. ஆனால் அளவில் இலங்கைக்குப் பக்கத்தில் வர முடியாது.

இலங்கையில் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே காப்பிச் செடி இருந்தது. சிங்களவர்கள் இலையைக் கறியில் போட்டார்கள், பூவை புத்தர் கோயிலில் வைத்தார்கள், கொட்டையைச் சட்டை செய்யவில்லை என்று எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். பூவுக்காக ஒரு செடியை வைத்திருப்பது நமக்கொன்றும் ஆச்சரியம் இல்லை. 1815-ல் கண்டி ராஜ்ஜியம் பிரிட்டிஷார் கையில் போன பிறகு, கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820-களில் தானே தோட்டம் போட்டு வழிகாட்டினார். 1840-ல் ஒரு சட்டம் போட்டுக் காடுகளை அரசாங்க நிலம் என்றார்கள். ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்று விற்றார்கள். வாங்கியவர்களில் அரசாங்க அதிகாரிகள், பட்டாளத்துக்காரர்கள், பாதிரிமார்கள் என்று எல்லாரும் உண்டு. 1870-களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வருஷத்துக்குச் சுமார் ஐம்பதாயிரம் டன் காப்பி போயிற்று. 1878-ல் காப்பி பயிரான நிலம் சுமார் இரண்டே முக்கால் லட்சம் ஏக்கர்.

பறித்தது யார்? திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம், சேலம் ஜில்லாக்காரர்கள். ஊரில் கண்டிச் சீமை என்பார்கள். விதைப்பு முடிந்ததும் கிளம்பி, பறிப்பு முடிந்ததும் திரும்புவதாக ஏற்பாடு. பாம்பன், தேவிபட்டினம், தொண்டி பக்கத்திலிருந்து தோணி. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் சுமார் 150 மைல் நடை. வழி முழுக்கக் காடு, தண்ணீர் இல்லாத வறட்டுக் காடு, யானை, மலேரியா. எல்லாவற்றையும் விடக் காலரா. விழுந்தவர்களை விட்டுவிட்டுப் போனார்கள். 1841 முதல் 1849 வரை வந்தவர்களில் நான்கில் ஒருவர், எழுபதாயிரம் பேர், செத்துப்போனார்கள் என்று அன்றைய கொழும்பு அப்சர்வர் பத்திரிகை கணக்குப் போட்டது. அது தோட்டக்காரர்களுக்கு வேண்டிய பத்திரிகை என்பதை நினைவில் வையுங்கள். அந்த நடையில் பிழைத்து மாத்தளை சேர்ந்தவர்கள் கும்பிட்ட இடம்தான் இன்று பெரிய கோபுரத்தோடு நிற்கிற மாத்தளை முத்துமாரியம்மன் கோயில்.

இனி என் தொழில். இந்த ஏற்பாடு முழுக்க முழுக்கக் கடனில் நடந்தது. லண்டன் பணம் கொழும்பு ஏஜென்சி கம்பெனிக்கு வரும். கம்பெனி தோட்டக்காரருக்குக் கொடுக்கும். தோட்டக்காரர் கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார். கங்காணி ஊருக்கு வந்து ஆள் பிடிப்பார். தோணிக் கூலி, வழிச் சாப்பாடு, மலைக் குளிருக்குக் கம்பளி, மாச அரிசி எல்லாம் ஆளின் பேரில் பற்று. வேலையில் சேரும் முன்பே கணக்கில் கடன். கடன் தீராமல் வேறு தோட்டம் போக முடியாது. போகணும் என்றால் புதுத் தோட்டம் இந்தப் பாக்கியைக் கட்டும் என்று எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். அந்த முறைக்குப் பெயரே துண்டு. 1921-ல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நாங்கள் வங்கியில் ஒரு கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போது டேக்‌ஓவர் என்போம். இங்கே கடனோடு சேர்த்து ஆளும் மாறினார். சங்கிலியின் மேல் நுனியில் இருந்தவனுக்கு வட்டி, கீழ் நுனியில் இருந்தவனுக்குப் பாக்கி. நடுவில் இருந்த எல்லாருடைய ஈடும் ஒன்றே ஒன்றுதான்: செடியின் இலை.

1869-ல் மதுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தார்கள். பேராதனைப் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி, புரூம் என்ற இரண்டு பேர் அது புதுவகைப் பூஞ்சணம் என்று கண்டுபிடித்து ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பிந்திய சொல்லுக்கு நாசகாரி என்று அர்த்தம். தோட்டக்காரர்கள் அதைச் செல்லமாக டெவஸ்டேட்டிங் எமிலி என்றார்களாம். கிண்டல் எல்லாம் முதல் சில வருஷம்தான்.

(அதே 1869-ல்தான் ஆபிரகாம் ஜோசப் எழுதிய கோப்பிக் கிருஷிக் கும்மி என்ற நூல் வெளிவந்தது. காப்பிப் பயிர்த்தொழிலைத் தமிழில் கும்மி மெட்டில் பாடியிருக்கிறார். நூல் முதலாளிமார் பக்கம் நின்று பேசுகிற நூல்தான். ஆனாலும் ஓர் ஆப்பிரிக்கச் செடியை எப்படி வளர்ப்பது என்று நம்ம பாஷையில் கும்மி இருந்திருக்கிறது என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. மு. நித்தியானந்தனின் கூலித் தமிழ் என்ற புத்தகத்தில் இது பற்றி நிறைய இருக்கிறது. தேடிப் படியுங்கள்.)

இந்தத் துரு நோய் செடியை உடனே கொல்வதில்லை. இலையின் அடியில் இருக்கிற நுண்ணிய துளை வழியாக உள்ளே போகும், மஞ்சள் புள்ளி விழும், பொடி உதிரும், இலை கொட்டும். செடி மறுபடி துளிர்க்கும், மறுபடி கொட்டும். மூன்று நாலு வருஷத்தில் கிளை காய்ந்து மகசூல் பாதியாகும், அப்புறம் கால்வாசியாகும். இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், அந்தச் சமயத்தில் உலகச் சந்தையில் காப்பி விலை ஏறிக்கொண்டே போயிற்று. சரக்குக் குறைந்தாலும் பணம் வந்தது. அதனால் புதுக் காடுகளை வெட்டிப் புதுத் தோட்டம் போட்டார்கள், கடனும் கொடுத்தார்கள். மேலே சொன்ன இரண்டே முக்கால் லட்சம் ஏக்கர் நோய் வந்து ஒன்பது வருஷத்துக்குப் பிறகு உள்ள கணக்கு! வாராக் கடன் எப்படி உருவாகிறது என்று புதிதாக வங்கியில் சேருகிறவர்களுக்குப் பாடம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதே வருஷங்களில்தான் தாது வருஷப் பஞ்சம், 1876-லிருந்து 78 வரை. ஊரில் சோறில்லாமல் முன்னைவிட அதிகக் கூட்டம் கண்டிக்குப் போயிற்று. ஒரு பக்கம் செடி சாகிறது, இன்னொரு பக்கம் ஆள் வந்து இறங்குகிறார்கள்.

1880-ல் மார்ஷல் வார்டு என்ற இளம் விஞ்ஞானியை அனுப்பினார்கள். வயது இருபத்தைந்து சொச்சம். அவர் காற்றில் கண்ணாடித் தகடுகளை வைத்து நோய்ப்பொடி காற்றில் பறந்துதான் பரவுகிறது என்று காட்டினார். மைல் கணக்கில் காட்டை மொட்டையடித்து ஒரே செடியை நட்டால் காற்றுக்குத் தடுப்பு ஏது? எத்தியோப்பியாவில் மரநிழலில் ஒண்டி வாழ்ந்த செடியை இலங்கையில் பெரும்பாலும் நிழலே இல்லாமல் திறந்த வெளியில் வரிசை கட்டி நிறுத்தியிருந்தார்கள். நோய் என்னவென்று வார்டு சொல்லிவிட்டார், ஆனால் மருந்து அவரிடம் இல்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை பிரான்ஸில் மில்லர்டே திராட்சைக்காக வெளியிட்டது 1885-ல். இன்றைக்கும் காப்பித் தோட்டங்களில் மழைக்கு முன்னும் பின்னும் அடிக்கிற மருந்து அதுதான்.

ஒரு வருஷம் தாமதம். 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி மூடியாகிவிட்டது. சாதாரண வங்கி இல்லை. 1842-ல் பம்பாயில் தொடங்கி, லண்டனுக்குத் தலைமையிடம் மாற்றி, ராஜ சாசனம் வாங்கி, கிழக்கு நாடுகள் முழுக்கக் கிளை பரப்பிய வங்கி. இலங்கையில் அதன் நோட்டுதான் கையில் புழங்கிய பணம். காப்பித் தோட்டங்களின் மேல் கொடுத்த கடன்கள் அதன் வீழ்ச்சிக்கு ஒரு பெரிய காரணம். கவுண்டரை மூடியதும் கொழும்பில் பீதி. கவர்னர் ஆர்தர் கார்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்து நிலைமையைச் சமாளித்தார். அடுத்த வருஷத்திலிருந்து அரசாங்கமே நோட்டு அடித்தது. அதாவது இலையின் அடியில் இருந்த ஆரஞ்சுப் பொடி ஒரு நாட்டின் நாணய முறையையே மாற்றிவிட்டது.

நோட்டு வைத்திருந்தவர்களுக்கு கவர்னர் பொறுப்பேற்றார். கூலிப் பாக்கிக்கு யார் பொறுப்பு? பல தோட்டங்களில் மாதக் கணக்கில் சம்பளம் நின்றது. துரை திவால் ஆகிக் கப்பல் ஏறினார். கங்காணி பெயரில் கடன், ஆள் பெயரில் கடன், தோட்டம் வேறு கைக்குப் போனாலும் அந்தக் கணக்குகள் மட்டும் செல்லும். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

அப்புறம் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் 1867-லேயே லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் போட்டிருந்தார். காப்பி செத்த நிலத்தில் எல்லாரும் அதற்கு மாறினார்கள். (இந்தத் துருவால்தான் இங்கிலாந்துக்காரர்கள் காப்பியை விட்டு டீக்கு மாறினார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. சரியில்லை. அவர்கள் அதற்கு நூறு வருஷம் முன்பே டீக்காரர்கள்.) தேயிலை வருஷம் முழுக்கக் கொழுந்து விடுகிற செடி, சீசன் கிடையாது. அதனால் போய்வந்த ஜனம் குடும்பத்தோடு லயத்தில் தங்கும்படி ஆயிற்று. செடியின் குணம் மாறியதும் ஜனத்தின் விலாசமும் மாறியது. மூன்று தலைமுறை கழித்து, 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்த வருஷமே வந்த குடியுரிமைச் சட்டத்தில், சுமார் ஏழு லட்சம் பேர் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்றாகிவிட்டார்கள்.

1964 அக்டோபர் 30-ல் சிரிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பதே முக்கால் லட்சம் பேரை இரண்டு நாடுகளும் பாகம் பிரித்தன. ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974-ல் சரிபாதி. பாலன்ஸ் ஷீட் டாலி ஆகிவிட்டது. அவர்களிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. வந்தவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரி பக்கம் அரசு தேயிலைத் தோட்டங்களில் அமர்த்தப்பட்டார்கள். டான்டீ என்று ஊட்டி போகும்போது வாங்கி வருகிறோமே, அதன் தோட்டங்கள் அவர்களுக்காக 1968-ல் தொடங்கப்பட்டவைதான். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு பெயர் தெரிந்திருக்கும்: ரெப்கோ வங்கி. விரித்தால் தாயகம் திரும்பியோர் கூட்டுறவு நிதி மற்றும் மேம்பாட்டு வங்கி, 1969-ல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காகத் தொடங்கியது. நகைக்கடன் போர்டைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த முதல் எழுத்து எதைக் குறிக்கிறது என்று தெரியும்? 1884-ல் ஒரு வங்கி விட்டுப்போன ஜனத்தின் பேரன் பேத்திகளுக்காக எண்பத்தைந்து வருஷம் கழித்து இன்னொரு வங்கி.

சிக்கந்தராபாத் கண்டோன்மென்ட்டைச் சுற்றிப் பழைய தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, பட்டாளத்தோடு வந்தவர்கள், ரயில்வேயோடு வந்தவர்கள். நாங்கள் டிரான்ஸ்ஃபர் ஆர்டரோடு வந்தவர்கள். ஐ.டி.க்காரர்கள் ஆஃபர் லெட்டரோடு வந்தவர்கள். பொங்கல் விழாவில் எல்லாரும் புலம்பெயர்ந்தோர் என்ற ஒரே வார்த்தையைப் பயன்படுத்துகிறோம். 150 மைல் நடந்தவர்களுக்கும் அதே வார்த்தைதான். தமிழில் வேறு வார்த்தை வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

துரு இந்தியாவுக்கும் வந்தது, 1870-களிலேயே. மைசூர், குடகு, ஏற்காடு எப்படித் தப்பின? முழுக்கத் தப்பவில்லை, அடி பலம்தான். ஆனால் இங்கே பல தோட்டங்களில் காட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்திருந்தார்கள். கல்யாண முருங்கை, பலா, பிறகு சில்வர் ஓக், அதன் மேல் மிளகுக் கொடி. நிழல் இருந்தால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டின் தொல்லையும் குறையும். 1911 வாக்கில் கென்ட் என்ற தோட்டக்காரர் தன் தோட்டத்தில் நோயைத் தாங்கி நின்ற செடியிலிருந்து விதை எடுத்தார். 1925-ல் பாலஹொன்னூரில் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கே அந்தக் கென்ட் வகையையும், லைபீரியாக் காப்பியின் ரத்தம் கலந்த இன்னொரு வகையையும் சேர்த்து எஸ்.795 என்று ஒன்றை 1940-களில் உருவாக்கினார்கள். நம்ம ஊர் அராபிகாவில் பெரும்பங்கு இன்றும் அதுதான். பேரில் கவர்ச்சி இல்லை, என் எம்ப்ளாயீ நம்பர் மாதிரி இருக்கிறது :-) குடிக்கும்போது அது தெரியாது.

ஹைதராபாத்துக்கு இதில் பங்கு இல்லையா என்றால், உண்டு. அன்றைய விசாகப்பட்டினம் மாவட்ட மலைகளில், அரக்கு, பாடேரு பக்கம், 1960-களில் வனத்துறை காப்பி போட்டது. பின்னால் கிரிஜன் கூட்டுறவுக் கழகமும் காப்பி போர்டும் பழங்குடிக் குடும்பங்களிடம் அதைக் கொண்டுபோயின. பெரிய எஸ்டேட் கிடையாது, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர், சில்வர் ஓக் நிழலில். பூவும் பழமும் அவர்களுடைய கணக்கு. ஹைதராபாத்தில் இருக்கிற நாந்தி அறக்கட்டளை அந்தக் காப்பியை எடுத்துக்கொண்டுபோய் 2017-ல் பாரீஸில் கடை திறந்தது. 2019-ல் அரக்கு அராபிகாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாநிலம் பிரிந்த பிறகு அரக்கு ஆந்திராவில், நாங்கள் தெலங்கானாவில். காப்பிப் பொடிக்கு அந்தப் பிரிவினை தெரியாததால் இங்கே கடைகளில் கிடைக்கிறது. வாங்கினால் சிக்கரி கலக்காததாகப் பார்த்து வாங்கி, ஃபில்டருக்கு ஏற்ற மாதிரி அரைக்கச் சொல்லுங்கள். டிகாக்‌ஷன் நம்ம கும்பகோணம் கறுப்பில் இறங்காது, கொஞ்சம் வெளுப்பாகத்தான் இருக்கும். வாசனையில் கை வைக்க முடியாது.

புதுக்கோட்டை, ராமநாதபுரம், துறையூர், சேலம் பக்கத்துக்காரர்கள் இதைப் படிப்பீர்கள். உங்கள் வீட்டில் கண்டிக்குப் போய்வந்த தாத்தா, பூட்டன் கதை ஏதாவது இருந்தால், ஊர்ப் பெயர், தோட்டத்தின் பெயர், போன வருஷம், திரும்பிய வருஷம் இவ்வளவாவது கேட்டு எழுதுங்கள். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. பல தோட்டங்களுக்கு நம்ம ஜனங்கள் தமிழில் தனிப் பெயர் வைத்திருந்தார்கள், அதைச் சொன்னால் கண்டுபிடித்துவிடலாம்.